சீட்டில்லாப் பயணம்

லக்சம்பர்க் நகரில் பேருந்தேறச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. 2020 பிப்ரவரி 29 முதல் அந்நாடெங்கும் பேருந்து, டிராம், இரயில் யாவும் இலவசம். பள்ளத்தாக்கிலுள்ள நிலையத்தில் இரயிலை விட்டிறங்கினால், கம்பிவடத்தில் ஏறும் பெட்டி கிர்ச்பெர்க் மேட்டில் கொண்டு சேர்க்கிறது, அங்கே டிராம்! கையில் காசில்லாதவளும் கூச்சமின்றி ஏறலாம். இதனை நாங்கள் மனமாரப் பாராட்டுகிறோம். 'வரிப்பணமன்றோ?' என்பாரும் உளர். சாலைக்கும் வரிப்பணந்தானே!

எங்கள் மனக்குறை வேறு. வீட்டு வாடகை தாளாமல், எல்லைக்கப்பால் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்து நாள்தோறும் வேலைக்கு வருவோர் பல்லாயிரவர். இரயிலில் எல்லைவரை அவர்கள் கட்டணம் செலுத்தியே ஆகவேண்டும். தொலைவிலிருப்போருக்கு மட்டும் செலவா? முதல் வகுப்புக்கு இன்றும் சீட்டு உண்டாம். அப்பணத்தையேனும் இவர்களுக்குச் செலவிடலாகாதா?