நடுவரின் நாற்காலி



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாடிக்கொம்புப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்கிடையே வாய்க்கால் தகராறு மூண்டது. பெரியவர் ஒருவர் இருவரையும் அமர்த்திப் பேசி முறை வகுத்துக் கொடுத்தார். இருவரும் கைகுலுக்கிப் பிரிந்தனர். ஆனால் அதே வாய்க்காலின் கடைமடையில் பயிர் செய்தவரை யாரும் கேட்கவில்லை. அடுத்த வாரமே அவர் வறண்ட வயலோடு வந்து நின்றார், சமரசம் குலைந்தது.

எரிக் சொல்ஹைம் அவர்களின் வரலாற்றைப் படித்தபோது இந்நிகழ்ச்சியே என் நினைவுக்கு வந்தது. 1955-இல் பிறந்த இவர், நார்வேயின் சோசலிச இடதுசாரிக் கட்சியைப் பத்தாண்டுகள் வழிநடத்தியவர். அரசியலிலிருந்து தூதுப் பணிக்கு வந்து, இலங்கையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடுவராகச் செயல்பட்டார். 2002 பிப்ரவரி 22 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. செப்டம்பரில் தாய்லாந்தில் பேச்சு தொடங்கியது. ஆறு சுற்றுகள் நடந்தன.

ஆனால் கடைமடைக்காரர் எங்கே? 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணி நேரமே. உடுத்த துணியோடு புறப்பட்டுப் புத்தளத்தின் முகாம்களில் தஞ்சமடைந்த அம்மக்கள், பேச்சு மேசையில் தமக்கெனத் தனித் தரப்பு வேண்டினர். கிடைக்கவில்லை. ரவூஃப் ஹக்கீம் அரசுக் குழுவில் ஒருவராகவே அமர்ந்தார். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினர். 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்தைக் கைவிட்டது. 2009 மே மாதம் பேரழிவோடு போர் முடிந்தது. தோல்விக்குக் காரணங்கள் பல. பழியனைத்தையும் நடுவர் தலையில் சுமத்துவது நீதியாகாது. தன் முயற்சி ஏன் தோற்றது என்று ஆய்வு செய்வித்து, 2011-இல் அதனை வெளியிட்ட நார்வேயின் நேர்மையும் பாராட்டத்தக்கதே.

பின்னர் சொல்ஹைம் நார்வேயின் அமைச்சராகவும், 2016 முதல் நைரோபியிலுள்ள ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவராகவும் உயர்ந்தார். அங்கே சோதனை வேறு வடிவில் வந்தது. 22 மாதங்களில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் டாலர் பயணச் செலவு எனத் தணிக்கை குறை கூற, 2018 நவம்பரில் பதவி விலகினார். எனினும் அவரது அனுபவத்தை உலகம் ஒதுக்கிவிடவில்லை. 2022-இல் நம் தமிழக அரசு அமைத்த காலநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழுவில் அவரும் இடம்பெற்றார்.

அன்பர்களே! பிணங்கியோரை இணக்குவதை மட்டுமன்று, நீதியோடு இணக்குவதையே திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் வலியுறுத்துகிறது. நம் மஹல்லாக்களிலும் சொத்துப் பிரிவினை, தலாக் விவகாரம் என எத்தனையோ பஞ்சாயத்துகள் கூடுகின்றன. வலுத்த இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்கின்றன. அந்தத் தீர்ப்பின் கீழ் வாழப்போகும் பெண்ணையும் பிள்ளைகளையும் கேட்டவர் யார்? பொதுப்பணத்தில் எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

நடுவரின் நாற்காலி ஓர் அமானிதம். அதில் அமருமுன், அழைக்கப்படாமல் வாசலில் நிற்பவர் யாரென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக!