காற்றும் கணக்கும்

சென்ற மாதம் நம் சங்க அங்கத்தினர்களின் கூட்டம், கேம்ப் பகுதியில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்றது. நிகழ்ச்சிகள் யாவும் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்த வேளையில், பேச்சு சுஸ்லான் கம்பெனியின் பங்குகளைப் பற்றித் திரும்பிற்று. அதன் பிறகு இரவு ஒன்பது மணி வரையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்று பேசப்பட்டவை நம் குடும்பங்கள் அனைத்திற்கும் பயன்படக்கூடும் என்று தோன்றியதால், இம்மாதம் அவற்றையே எழுத முற்படுகிறோம்.

இந்தக் கம்பெனியின் மீது புனே வாழ் தமிழர்களுக்கு ஒரு தனிப் பற்று உண்டு. அதன் தலைமை அலுவலகம் கேம்பிலிருந்து சோலாப்பூர் சாலையில் சென்றால் எட்டிவிடக்கூடிய ஹடப்சரில் இருக்கிறது. காற்றாலைகளோ நமக்குப் பிறந்த ஊர்ச் சொந்தம். நாகர்கோவில் செல்லும் ரயில் வள்ளியூரைத் தாண்டியதும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றில் சுழலும் அந்த வெண்ணிற இறக்கைகளைக் குழந்தைகளுக்குக் காட்டாத பெற்றோர் நம்மில் யார்? புகையின்றி, கரியின்றி மின்சாரம் பிறக்கிறது. அதைச் செய்யும் கம்பெனி நம் ஊரில் இருக்கிறது. இந்த எண்ணத்தில் பங்கு வாங்கியவர்கள் நம்மில் பலர்.

கம்பெனியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதனை நிறுவிய துளசி தந்தி, சூரத்தில் துணித் தொழில் நடத்தியவர். மின்சாரச் செலவு கட்டுப்படியாகாமல் தம் ஆலைக்கென்று காற்றாலை வாங்கப் போய், 1995-இல் காற்றாலைத் தொழிலிலேயே இறங்கினார். 2005-இல் 10 ரூபாய் முக மதிப்புள்ள பங்கு, 510 ரூபாய் விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. 2008 ஜனவரியில் அந்த ஒரு பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டது; பிரித்த பங்கு ஒன்றே 400 ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று.

அந்த உச்சியில்தான் சறுக்கலும் தொடங்கியது. 2006-இல் பெல்ஜியத்து ஹான்சன் கம்பெனியையும், 2007-இல் ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியையும் கைக்கொள்ளப் பெருந்தொகை கடனாக வாங்கப்பட்டிருந்தது. அமெரிக்காவிற்கு அனுப்பிய காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் கண்டது. 2008-இல் உலகப் பொருளாதாரமே நிலைகுலைந்தது. 2012 அக்டோபரில், வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்கு உரிய 20 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைக் குறித்த நாளில் கொடுக்க இயலவில்லை. 2015-இல் அந்த ஜெர்மன் கம்பெனி 100 கோடி யூரோவிற்கு விற்கப்பட்டது. 2017-இல் நம் நாட்டுக் காற்று மின்சாரம் ஏல முறைக்கு மாறி, முதல் ஏலத்திலேயே யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. 2019-இல் மீண்டும் ஒரு தவணை தவறிற்று. 2020 மார்ச்சில் பங்கின் விலை 2 ரூபாய்க்கும் கீழே போயிற்று.

பிறகு கம்பெனி எழுந்தது. 2022 அக்டோபர் முதல் தேதி துளசி தந்தி காலமானார். அதே மாதத்தில், பங்கு ஒன்றுக்கு 5 ரூபாயாக உரிமைப் பங்குகள் வெளியிட்டு 1,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. 2023 ஆகஸ்டில் பெரிய முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து மேலும் 2,000 கோடி வந்தது. கடன் சுமை இறங்கிற்று. 2024 செப்டம்பரில் விலை 80 ரூபாயைத் தாண்டியது.

கூட்டத்தில் இருந்த இளைஞர் ஒருவர், மென்பொருள் துறையில் பணிபுரிபவர், 2020-இல் 3 ரூபாய் விலையில் வாங்கியவர். அவருடைய உற்சாகத்திற்குக் கேட்பானேன்! "மாமா, அன்று எல்லாரும் சிரித்தார்கள். இன்று கம்பெனி பிழைத்துவிட்டதே!" என்றார்.

இராணுவக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் புன்னகையோடு மறுமொழி கூறினார்: "கம்பெனி பிழைத்தது உண்மைதான், தம்பி. நான் பிழைத்தேனா என்பதல்லவா கேள்வி? நூறு ரூபாயில் வாங்கினேன். ஐம்பதுக்கு இறங்கியபோது மலிவு என்று வாங்கினேன். இருபதுக்கு வந்தபோது இன்னும் மலிவு என்று வாங்கினேன். சராசரி விலை இறங்கிக்கொண்டே வந்தது. நான் போட்ட பணமோ ஏறிக்கொண்டே போயிற்று."

பெரியவர் கணக்கில் தேர்ந்தவரல்லவா? இன்னொன்றையும் எடுத்துக்காட்டினார். 2008-இல் கம்பெனியின் பங்குகள் ஏறத்தாழ 150 கோடி. 2024-இல் அவை 1,360 கோடிக்கு மேல். நான்கு பேருக்குச் சொந்தமான தென்னந்தோப்பில் முப்பத்தாறு பேர் பங்காளிகளாகிவிட்டதைப் போன்றது இது. தோப்பு பழையபடி காய்த்தாலும், பழைய பங்காளியின் வீட்டுக்கு வரும் காய் ஒன்பதில் ஒன்றுதான். புதியவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர்களுடைய பணம் வந்திராவிட்டால் தோப்பே கடன்காரர்களின் கைக்குப் போயிருக்கும்.

2005-இல் 510 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு பங்கு ஐந்தாயிற்று. விலை 80 ரூபாயைத் தொட்ட நாளில்கூட அந்த ஐந்தின் மதிப்பு 400 ரூபாய்தான். அதே பணம் 7 விழுக்காடு கூட்டுவட்டியில் கிடந்திருந்தால், பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்து, இருபது ஆண்டுகளில் இரண்டாயிரத்தை நெருங்கியிருக்கும்.

இவ்வளவையும் ஒரு மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அவருடைய கணவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. வெளியீட்டின்போது சிலவும், பின்னர்ச் சந்தையில் சிலவுமாக அவர் வாங்கிவைத்த பங்குகள், ஐந்நூறு, அந்தக் காகிதத்தில் குறிக்கப்பட்டிருந்தன.

"அவர் ஆசையாய் வாங்கியது. மகளுக்கு ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும். விற்கலாமா, வைத்திருக்கலாமா?" என்று கேட்டார்.

"வைத்திருங்கள் அம்மா, இன்னும் ஏறும்" என்றார் இளைஞர். "வந்த விலைக்கு விற்றுவிடுங்கள் அம்மா" என்றார் பெரியவர்.

இருவரும் நல்லெண்ணத்துடன்தான் கூறினார்கள். ஆயினும் ஒருவர் வாயிலாகப் பேசியது அவருடைய லாபம். மற்றவர் வாயிலாகப் பேசியது அவருடைய நஷ்டம். அம்மையாரின் தேவையைப் பற்றி இருவருமே பேசவில்லை. நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது பங்குக்குத் தெரியாது. நம் வீட்டுக் கட்டணம் எந்த மாதத்தில் கட்டப்படவேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. ஜூன் மாதம் வருவது நிச்சயம். அன்று விலை என்னவாயிருக்கும் என்பது நிச்சயமில்லை. நாள் குறித்துச் செலவிடவேண்டிய பணத்தைப் பங்கில் வைத்திருப்பது கூடாது என்பதே நமது அபிப்பிராயம். கட்டணத்திற்கு வேண்டிய அளவை விற்றுத் தனியே எடுத்து வைப்பதும், எஞ்சியதை, போனாலும் அடுப்பு அணையாது என்ற நிலையிருந்தால் மட்டும் வைத்திருப்பதும் நலம் என்று கூறினோம். அம்மையார் தலையசைத்தார்.

நல்ல தொழில் வேறு, நல்ல முதலீடு வேறு. 2015-இல் கைமாறிய அந்த ஜெர்மன் கம்பெனி, சென்வியான் என்ற பெயருடன், 2019-இல் திவால் நிலையை அடைந்தது. காற்று ஓயவில்லை, கணக்குத்தான் ஓய்ந்தது. ஆகவே பங்கு வாங்குமுன், கம்பெனிக்கு எவ்வளவு கடன், பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகுகிறதா, விற்ற சரக்கிற்குப் பணம் கைக்கு வருகிறதா என்ற மூன்றையும் ஆண்டறிக்கையில் பார்க்கவேண்டும். விலை இறங்கியிருக்கிறது என்பது மட்டும் மலிவுக்கு அடையாளமாகாது.

விற்பதற்கு முன் அம்மையார் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பங்குகள் இன்னும் கணவர் பெயரிலேயே இருக்கின்றன. அவற்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டீமாட் கணக்கில் நாமினி பதிவாகியிருந்தால் அது எளிது. இல்லையெனில் வாரிசுச் சான்றுகளுக்காக அலையவேண்டிவரும். கூட்டத்திலிருந்த நம்மில் எத்தனை பேர் நாமினி பதிவு செய்திருக்கிறோம் என்று அப்போதே கேட்டோம். பெரியவரும் இளைஞரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இதை வாசிக்கும் அன்பர்கள், அடுத்த இதழ் வருவதற்குள் தங்கள் வீட்டிலும் இக்கேள்வியைக் கேட்டுவிடும்படி வேண்டுகிறோம்.