இருமலே இல்லாத டிபி: மூளைக்காய்ச்சலுக்கு ஒரு வருஷம் மாத்திரை ஏன்?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக்கொண்டு வடமாநிலம் போகும் லாரி டிரைவர் ஒருவருக்கு இரண்டு வாரமாகத் தலைவலி, லேசான காய்ச்சல்னு வைத்துக்கொள்வோம். மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். இருமலே இல்லையே, டிபின்னு யாருக்குத் தோணும்?

ஆனால் டிபி நுரையீரலோடு நிற்பதில்லை. மூளையைச் சுற்றியுள்ள உறையையும் தாக்கும். டிபியிலேயே மிக ஆபத்தான வகை இதுதான்.

என்ன மருந்து?

முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்புடால் என நாலு மருந்து. பிறகு பைரசினமைடை நிறுத்திவிட்டு மற்ற மூன்றும் 10 மாதம் தொடரும். நுரையீரல் டிபிக்கு வழக்கமாக 6 மாதம் போதும். இங்கே அப்படியில்லை. ரத்தத்தில் கலக்கும் மருந்தெல்லாம் மூளைக்குள் எளிதாக நுழையாது. ஐசோனியாசிட், பைரசினமைடு நன்றாகவே போகும். ரிஃபாம்பிசின் கொஞ்சம்தான் போகும்.

ஸ்டீராய்டு எதற்கு?

கிருமி மட்டுமல்ல, அது கிளப்பிவிடும் வீக்கமும் மூளையைக் கெடுக்கும். 2004-ல் வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் சேர்த்தவர்களில் 32% பேர் இறந்தார்கள், சேர்க்காதவர்களில் 41%. ஆனால் பிழைத்தவர்களின் ஊனம் குறைந்ததாகத் தெரியவில்லை. எச்ஐவி இருப்பவர்களுக்கு இந்தப் பலன் உறுதியாகவில்லை. ஸ்டீராய்டை டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். நாமே திடீர்னு நிறுத்தக் கூடாது.

டோஸைக் கூட்டினால்?

அதையும் பார்த்துவிட்டார்கள். 2016-ல் அதே வியட்நாமில் 817 பேரிடம் ரிஃபாம்பிசின் அளவைக் கூட்டி, லெவோஃப்ளாக்சசினும் சேர்த்தார்கள். இறப்பு குறையவில்லை.

அப்போ எது காப்பாற்றும்?

சீக்கிரம் ஆரம்பிப்பது. நினைவு தவறும் முன் மருந்து தொடங்கினால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்யும் டெஸ்ட் நெகட்டிவ் வந்தாலும் நோய் இல்லைன்னு அர்த்தமில்லை. அதனால்தான் சந்தேகம் வலுவாக இருந்தால், ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டாக்டர்கள் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் வாரக்கணக்கில் நீடித்து, வாந்தி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு சேர்ந்தால் மெடிக்கல் ஷாப் வேண்டாம். சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போங்க. அரசுத் திட்டத்தில் டிபி மருந்து இலவசம். வேலைக்காக வெளியூர் போறவங்க நிக்‌ஷய் பதிவு எண்ணைச் சொல்லி, போகிற ஊர் அரசு மையத்திலேயே சிகிச்சையைத் தொடரலாம்.

மூணாவது மாதமே தலைவலி போய்விடலாம். மாத்திரை மட்டும் நிற்கக் கூடாது.