காலகேயர் மொழியும் கடல் நடுவே ஒரு மொழியும்

சில ஆண்டுகளுக்கு முன் நம் புரோத்ராபூரில் நடந்த ஒரு விழாவின் மாறுவேடப் போட்டியில், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உடல் முழுதும் கரி பூசி, இடையில் தென்னங்கீற்றுச் சுற்றி மேடையேறினான். பாகுபலித் திரைப்படத்துக் காலகேயர் தலைவனைப் போலக் கண்ணை உருட்டினான். நாக்கை அண்ணத்தில் சொடுக்கினான். 'மின்', 'நிம்' என்று முழங்கினான். அறிவிப்பாளர் அவனை "நம் தீவின் ஆதிவாசி" என்று அறிமுகம் செய்தார். அரங்கம் அதிரக் கைதட்டிற்று. தட்டிய கைகளுள் என்னுடையவையும் இருந்தன. அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன்.

சிறுவன் பேசிய மொழியின் பெயர் கிளிக்கி. அதனை ஆக்கியவர் கவிஞர் மதன் கார்க்கி. ஆஸ்திரேலியாவில் பயின்ற காலத்தில் குழந்தைகளுக்காக விளையாட்டாகத் தொடங்கியதை, 2015இல் வெளிவந்த படத்துக்காக ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் உடையதாக விரித்தார். 'மின்' என்றால் நான். அதையே திருப்பிப் போட்டு 'நிம்' என்றால் நீ. எதிர்ப்பொருளுக்கு எதிர்வரிசை! நன்னூல் கற்றவனும் புன்முறுவல் பூக்கத்தக்க நயம் இது. இந்நயத்தை யான் பழிக்கவில்லை. தால்கினும் கதைக்கென மொழிகள் படைத்தார். 1984இல் வந்த விண்வெளிப் படத்துக்காக மார்க் ஓக்ராண்ட் கிளிங்கான் மொழியை ஆக்கினார். மொழியை ஆக்கிப் பார்ப்பவன் மொழியின் எலும்புக்கூட்டை அறிகிறான், அது கல்வியே.

என் வழக்கு வேறு. கொடியவர்கள் என்று காட்டவேண்டிய கூட்டத்துக்குக் கருநிறமும் சொடுக்கொலியும் ஏன் அணிவிக்கப்பட்டன? சொடுக்கொலியை மெய்யெழுத்தாகவே ஆளும் சூலு, கோசா முதலிய மொழிகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் உள்ளன. அவற்றில் தாலாட்டும் உண்டு, சட்டமும் உண்டு. நாமும் இரக்கம் தோன்ற உச்சுக்கொட்டுகிறோமே, அது சொடுக்கொலி அன்றி வேறென்ன? நம் வாயில் இரக்கமாக இருப்பது பிறர் வாயில் காட்டுமிராண்டித்தனம் ஆவது எவ்வாறு? இது திரைப்படத்தோடு போயிருந்தால் யான் வாளாவிருந்திருப்பேன். அது நம் மேடைக்கு வந்து, நம் அண்டைவீட்டார்மேல் ஒட்டப்பட்டுவிட்டது.

அண்டைவீட்டார் எனல் மிகையன்று. நாம் இத்தீவுக்கு வந்தேறியவர்கள், அவர்கள் இருந்தவர்கள். பேரந்தமானியரின் பேச்சில் சொடுக்கொலி எழுத்து கிடையாது. நாம் நமக்கே உரியதுபோல் பெருமை பேசும் டகரம் போன்ற நாவளை ஒலி உண்டு. அதன் இலக்கணமோ, தொல்காப்பியம் கற்றவன் வியந்து நிற்கவேண்டியது. மொழியியலறிஞர் அன்விதா அப்பி பல்லாண்டு உழைத்து 2013இல் நூலாக்கிய அவ்விலக்கணத்தின்படி, அம்மொழி மனித உடலை ஏழு கூறாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு வைக்கிறது. வாயும் அதனோடு இயைந்தவையும் 'அ'. தலை, முகம் போன்ற வெளியுறுப்புகள் 'எர்'. உள்ளுறுப்புகளுக்கு ஒன்று, கால்களுக்கு ஒன்று. அம்முன்னொட்டுகள் பெயரோடு நில்லாமல் வினையிலும் பண்பிலும் ஏறுகின்றன. யாருடைய தலை என்று சொல்லாமல் வெறுமனே தலை என்று சொல்லவும் அம்மொழி இடங்கொடாது. உடலே அதற்கு இலக்கணம்.

இது நமக்கு முற்றிலும் அயலானதா? எந்தை, நுந்தை, தந்தை என்றும், யாய், ஞாய், தாய் என்றும் சங்கச் சான்றோர் பகுத்தாண்டதை எண்ணிப் பாருங்கள். என் தாய்க்கு ஒரு சொல், உன் தாய்க்கு ஒரு சொல், அவன் தாய்க்கு ஒரு சொல். உறவைப் பிரித்துப் பேச முடியாது என்று நம் முன்னோர் கருதியதை, உறுப்பைப் பிரித்துப் பேச முடியாது என்று இவர்கள் கருதினர். நாம் மூன்றில் இரண்டை இழந்து 'தாய்' ஒன்றோடு நிற்கிறோம். இவர்களோ முழுவதையும் இழக்கிறார்கள்.

1887ஆம் ஆண்டில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. வார்சாவில் சாமன்ஹாப் தாம் ஆக்கிய எசுபெராந்தோ மொழியை உலகுக்கு அளித்தார். அதே ஆண்டில் இத்தீவின் ஆங்கில அதிகாரி போர்ட்மன் அந்தமானிய மொழிகளின் கையேட்டை வெளியிட்டார். ஆக்கிய மொழி இன்றும் பல நாடுகளில் பேசப்படுகிறது. உண்மை மொழிகளைப் பேசியோர் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். 2010 சனவரியில் போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி மறைந்தார். பேச ஆளின்றி அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசினார் என்று அப்பி எழுதியிருக்கிறார். 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளில், கிளிக்கிக்கென ஓர் இணையதளம் ஆரவாரத்தோடு தொடங்கப்பெற்றது. ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 4ஆம் நாள், இங்கிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள போர்ட் பிளேயரில் (2024 முதல் அது ஸ்ரீ விஜயபுரம்) சரே மொழியின் கடைசிப் பேச்சாளரான லீச்சோ காலமானார். முன்னதை நம் பிள்ளைகள் அறிவர். பின்னதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

"நம் தமிழே வீட்டுக்குள் தேய்கிறது, பிறர் மொழிக்கு அழ நமக்கு நேரமேது?" என்பாரும் உளர். அவர்களுக்கே யான் இதனைக் கூறுகிறேன். பேரந்தமானியரின் பேச்சை விழுங்கியது எந்த மொழி? கடைத்தெருவின் இந்திதான், நம் பேரப்பிள்ளைகள் பாட்டியிடம் சோறு கேட்பதும் இப்போது அம்மொழியில்தான். கடலுக்கு அப்பால் கோடிக்கணக்கானோர் தமிழ் பேசுவதால் நமக்கு அச்சமில்லை. அவர்களுக்கோ அப்பால் என்று ஒரு கரையே இல்லை. இந்த ஒன்றைத் தவிர வேறுபாடு யாது?

நிற்க. காலகேயர் என்னும் பெயர் பாரதக் கதையிலிருந்து வந்தது. கடலுக்குள் ஒளிந்த அவ்வசுரரைக் காட்டிக்கொடுக்கக் கடலையே குடித்தவர் அகத்தியர். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று நாம் போற்றும் அதே அகத்தியர். குடித்த முனிவர் அவர்களை என்ன மொழியில் பேசினீர்கள் என்று கேட்டதாகக் கதையில் இல்லை. இலக்கண ஆசிரியர் கேட்டிருக்க வேண்டாமா?

அவர்கள் வாழும் இடங்களுக்குச் சென்று எட்டிப் பார்க்க யான் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது, தடுப்பதே முறை. நூல்கள் அச்சில் உள்ளன. தமிழ் மன்றங்களின் அலமாரியில் தொல்காப்பியத்துக்கு அருகே அப்பியின் இலக்கணமும் அகராதியும் இருக்கட்டும். இரண்டாம் வேற்றுமையைக் கற்பிக்கும் மாலை வகுப்பில் ஒரு நாள் அந்த ஏழு முன்னொட்டுகளையும் கற்பிக்கலாம். பிள்ளைகள் கிளிக்கியைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வர். மாறுவேடப் போட்டிக்கு நடுவராக என்னை அழைக்க எண்ணுவோர்க்கு ஒன்று: கரி பூசி நாக்கைச் சொடுக்கும் பிள்ளைக்கு யான் மதிப்பெண் இடமாட்டேன். முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.