வாசலில் நிற்பவருக்கான சட்டம்

மண்டகப்பட்டு குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் எடுத்த கோயில் இது என்கிறது. கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. அந்தப் பாறை ஓரமா ஆடு ஓட்டிட்டுப் போறவருக்கு அது வெறும் கீறல்.

1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கு 11 நெறிமுறைகள் வகுத்தது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்கணும் என்றும் சொன்னது. நமக்கு அதுவும் கல்வெட்டுதான்.

இப்போது அதை ரீல்ஸ் ஆக்கிவிட்டார்கள். ‘உங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ளுங்கள்.’ கேட்டாலே எரிச்சல் வருகிறது. சாஃப்ட்வேர் தொழிலில் எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: சிஸ்டம் விழுந்தால், யூசருக்குப் பயன்படுத்தத் தெரியலை என்போம். அதே புத்திதான் இதுவும். அடி வாங்கினவரிடம் போய், உனக்குச் சட்டம் தெரியாதா என்று கேட்பது.

2011 நவம்பர் 22 இரவு, திருக்கோவிலூர் பக்கம் தி. மண்டபம் கிராமத்து இருளர் பெண்கள் நால்வரைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனது. போலீசார் தங்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக அவர்கள் புகார் கொடுத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையிலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்யணும். அந்தச் சட்டம் அன்றைக்கும் இருந்தது. வண்டிக்குள் இருந்தவர்களுக்கு அது மனப்பாடமாகவே தெரிந்திருந்தாலும், அந்த இருட்டில் யாரிடம் ஒப்பிப்பார்கள்?

பாசு நெறிமுறைகளைத் திரும்பப் படியுங்கள். முக்கியமானவை எல்லாம் இன்னொரு ஆளை நம்பியே இயங்குகின்றன. கைது மெமோவில் குடும்பத்தாரோ ஊர்க்காரர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. ஆனால் மெமோவில் நேரம் ஏறாதவரை அந்தக் கடிகாரம் காகிதத்தில் ஓடவே ஆரம்பிக்காது. “சும்மா விசாரணைக்குத்தான்” என்று கூட்டிப் போகிறபோது நடப்பது இதுதான்.

ஆகவே சட்டம் முதலில் தெரிய வேண்டியது வாசலில் நிற்கிறவருக்கு. பக்கத்து வீட்டு அக்கா, டீக்கடை அண்ணன், நீங்கள். “சார், கைதா, விசாரணையா? எந்த ஸ்டேஷன்? மெமோ போடுங்க, நான் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.” கூட்டிப் போன நேரத்தை எழுதி வையுங்கள். 15100க்குப் போன் செய்து இலவச வழக்கறிஞர் கேளுங்கள்.

கேட்டா நம்மளையும் தூக்கி உள்ளே வச்சிடுவாங்களே? நியாயமான பயம்தான். திண்டிவனத்தில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் தேவைப்பட்டதும் அந்தப் பயத்தால்தான். தனியாகப் போகாதீங்க. நாலு பேராப் போங்க.