நோயாளியைக் கூண்டில் ஏற்றாதீர்

வாயில் ஆறாத புண்ணுடன் வைத்தியசாலைக்கு வரும் ஒருவரிடம் முதலிற் கேட்கப்படும் கேள்வி, "வெற்றிலை போடும் பழக்கம் உண்டோ?" என்பதாகும். கேட்கவேண்டிய கேள்விதான். இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றே முதலிடத்தில் நிற்கின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூட்டு இந்நோயை விளைவிக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் முடிவு கூறியது. புகையிலை சேராத கூட்டும், ஏன், பாக்கு ஒன்றுமேகூட, அதனை விளைவிக்க வல்லது என்று 2004இல் வெளியான அதன் அறிக்கை கூறிற்று. ஆகவே அக்கேள்வியின் அவசியத்தை நாம் மறுக்கவில்லை. அஃது எவ்வாறு கேட்கப்படுகின்றது, கேட்கப்பட்டவர் செவியில் எவ்வாறு விழுகின்றது என்பதைப் பற்றியே இங்கு பேசுகின்றோம்.

வைத்தியருக்கு அது நோயின் வரலாறு. நோயாளிக்கோ அது குற்றப்பத்திரம். வைத்தியர் கடிந்து ஒரு சொல் சொல்லவேண்டியதில்லை. புருவம் சற்று உயர்ந்தாற் போதும், "எத்தனை வருடமாய்?" என்ற கேள்வியில் ஓர் அழுத்தம் விழுந்தாற் போதும். "நீயே தேடிக்கொண்டாய்" என்ற தீர்ப்பு அங்கே வாசிக்கப்பட்டுவிடும். உடனே நோயாளி என்ன செய்கின்றார்? தலையைக் குனிந்துகொண்டு, "எப்போதாவது ஒரு வாய்தான், ஐயா" என்கின்றார். பொய் பதிவாகின்றது. பொய்யின்மேல் சிகிச்சை தொடங்குகின்றது. பழக்கத்தை நிறுத்த உதவவேண்டிய இடத்தில் உதவி கேட்கப்படுவதுமில்லை, கொடுக்கப்படுவதுமில்லை. இன்னொருவர் இத்தகைய விசாரணைக்கு அஞ்சியே புண்ணை ஆறு மாதம் துணியால் மறைத்துக்கொண்டு திரிகின்றார். தொடக்கத்திற் கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய், ஒளித்துவைத்த காரணத்தாலேயே உயிரைக் கொண்டுபோகின்றது.

இஃது எமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. பிரித்தானியாவில் நுரையீரற் புற்றுநோயாளர் 45 பேரைச் செவ்விகண்டு 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அவர்கள் பட்ட அவமானத்தையும் பழியையும் விரித்துரைத்தது. பல ஆண்டுகளுக்கு முன்னரே புகைத்தலை விட்டவரும், வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாதவரும் அதே பழியைச் சுமந்தனர். சிலர் நோயையே மறைத்தனர். அந்நோய் புகைப்பவர் நோய் என்று ஊர் முடிவு செய்துவிட்டது; வழக்கின் விவரம் எவருக்கு வேண்டும்?

எமது ஊரின் தீர்ப்பு இதனினும் வேடிக்கையானது. தாம்பூலம் இல்லாமல் எமக்குத் திருமணம் இல்லை. வாசலுக்கு வந்தவருக்கு வெற்றிலைத் தட்டத்தை நீட்டாத வீடு மரியாதை அறியாத வீடு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூர்வரை கப்பலேறிற்று. அந்தப் பணத்தில் கல்வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் படித்தனர்; அவர்களுள் வைத்தியர்களும் உண்டு. மலைநாட்டுத் தோட்டங்களிலோ, குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வெற்றிலையே பசிக்கும் களைப்புக்கும் துணையாயிற்று. கொடுத்தவரும் விளைவித்தவரும் விற்றவரும் வரி பெற்றவரும் வெளியே நிற்க, மென்றவர் ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது எந்த நியாயம்? புகையிலை செய்கை பண்ணும் எமது வாசகர்கள் இதனைத் தம்மீது சுமத்தும் குற்றமாகக் கொள்ளவேண்டாம். பழியைப் பங்கிடுவது எமது நோக்கமன்று. பழி என்ற பேச்சே வைத்தியசாலைக்குள் நுழையக்கூடாது என்பதே எமது கட்சி.

பெண்கள் நிலை இன்னும் கொடியது. கருப்பைக் கழுத்துப் புற்று வைரசு ஒன்றினால் உண்டாவது. 2017 முதல் எமது பாடசாலைச் சிறுமியருக்கு அதற்கெதிரான தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகின்றது. எனினும் அந்நோயுற்ற பெண்ணின் ஒழுக்கத்தை ஆராயும் வாய்கள் ஊரில் உள்ளன. மார்பிற் புற்றுக் கண்டவளின் மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சித் தாய் நோயை மறைப்பதும் நாம் அறியாததன்று. தொற்றாத நோய்க்குத் தனிக் கோப்பை வைக்கும் வீடுகளும் இருக்கின்றன.

ஊரைத் திருத்தப் பல காலம் செல்லும். ஆனால் வைத்தியரின் அறை சிறியது. அங்கே மாற்றம் செய்ய முடியும். "அன்பு பிறவிக்குணம், கற்பிக்க வருமோ?" என்று கேட்பவர்க்கு, 2002இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஒரு பரீட்சார்த்தத்தைச் சுட்டிக்காட்டுவோம். 34 புற்றுநோய் நிலையங்களைச் சேர்ந்த 160 வைத்தியர்கள் அதிற் பங்குபற்றினர். மூன்று நாட் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும், நோயாளி மனந்திறந்து பேச இடந்தரும் கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டனர். பரிவைச் சொல்லிற் காட்டினர். விடையைத் தம்முள்ளேயே அடக்கிய கேள்விகளைக் குறைத்துக்கொண்டனர். இக்கடைசிச் செய்தி எம்மை நகைக்க வைத்தது. அத்தகைய கேள்வியை, எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், ஒரு சட்டத்தரணி தன் சாட்சியிடம் முதல் விசாரணையிற் கேட்கலாகாது என்று எமது சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895 முதல் தடுத்து வைத்திருக்கின்றது. குறுக்கு விசாரணைக்கே அஃது உரியது. "நீர் புகைப்பதை நிறுத்தவே இல்லை, அப்படித்தானே?" என்று நோயாளியைக் கேட்கும் வைத்தியர், தாம் அறியாமலே குறுக்கு விசாரணை நடத்துகின்றார்.

பயிற்சி எவ்வளவு வேண்டியது என்பதற்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவில் நுரையீரற் புற்றுநோயாளருடன் நிகழ்ந்த 20 சந்திப்புக்களின் ஒலிப்பதிவை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். நோயாளர் தம் அச்சத்தையோ துயரத்தையோ வெளியிட்டு, பரிவான ஒரு சொல்லுக்கு வாய்ப்பளித்த இடங்கள் 384. வைத்தியர் அச்சொல்லைச் சொன்ன இடங்கள் 39. இவர்கள் கொடியவர்கள் அல்லர். கற்பிக்கப்படாதவர்கள்.

"எமது கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கையில் இதற்கு ஏது நேரம்?" என்று வைத்தியர்கள் வினவுவர். நியாயமான முறைப்பாடு, ஆளணிக் குறையை எவரும் மறைக்க முடியாது. ஆயினும் 1999இல் அமெரிக்காவிற் செய்த ஓர் ஆய்வில், வைத்தியர் ஆதரவாகப் பேசும் 40 வினாடிப் பகுதி சேர்க்கப்பட்ட படத்தைப் பார்த்த பெண்களின் மனக்கலக்கம், அப்பகுதியில்லாத படத்தைப் பார்த்தவர்களினதிலும் குறைவாக இருக்கக் கண்டனர். நாற்பது வினாடி! மருந்துச் சீட்டு எழுதும் நேரம்.

நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் சிலோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்தார், நுரையீரற் புற்றுநோயாளர்மீது விழும் பழியைக் குறைப்பதற்கென்றே வைத்தியருக்கும் தாதியருக்கும் ஒரு பயிற்சியை வகுத்திருக்கின்றனர். அதையொத்த பாடம் எமது வைத்தியசாலைக்கு எப்படியிருக்கும்? வெற்றிலையைப் பற்றிக் கேட்குமுன், "இங்கு வரும் எல்லோரிடமும் இதனைக் கேட்கின்றோம், சிகிச்சையை வகுக்க உங்கள் விடை வேண்டும், குறைகூற அன்று" என்று சொல்வது. "விடுவது எளிதன்று, சிறுவயதிலிருந்து பழகியது" என்று நோயாளியின் பாரத்தை ஒப்புக்கொள்வது. "என்னால் வந்த வினைதானே, டொக்டர்?" என்று அவர் கேட்குங்கால், எழுதுகோலைக் கீழே வைத்து, முகத்தைப் பார்த்து விடையிறுப்பது. இவற்றைப் புத்தகத்திற் படித்துத் தேற முடியாது. நீச்சலைப் போல இறங்கிப் பழகவேண்டும்.

இப்பயிற்சியை நாம் சஞ்சீவி என்று கூறவரவில்லை. 17 பரீட்சார்த்தங்களை ஒருங்கே ஆராய்ந்து 2018இல் வெளியான மதிப்பீடு, வைத்தியரின் பேச்சும் பரிவும் திருந்துகின்றன என்பதை ஏற்று, அதனால் நோயாளியின் மனநலமும் உடல்நலமும் எவ்வளவு உயர்ந்தன என்பது நிறுவப்படவில்லை என்று நிறுத்திக்கொண்டது. வழக்கு முடியவில்லை. அது கற்பிக்காமல் இருப்பதற்கு நியாயமாகாது.

மொழி என்ற இன்னொரு பூட்டும் இங்கே தொங்குகின்றது. பதுளையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மகரகம வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் தமிழ் நோயாளிக்கு, பரிவு நிறைந்த சிங்களச் சொல்லும் ஓசையாகவே கேட்கும். சிங்களம் தெரிந்த மகன் இடையில் நின்று, தாயின் மரணச் செய்தியைத் தாய்க்கே மொழிபெயர்க்கவேண்டுமா? சிங்களம் நிருவாக மொழியாயுள்ள இடத்திலும் அரச உத்தியோகத்தருடன் தமிழிற் கருமமாற்றும் உரிமையை, 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை வழங்குகின்றது. அவ்வுரிமை காணி உறுதிக்கும் பிறப்புப் பத்திரத்துக்கும் மட்டுமோ? தமிழ் வைத்தியர்களும் இதில் முழு விடுதலை பெற்றவர்களல்லர். ஆங்கிலத்திற் பயின்ற அவர்கள், நோயின் பெயரைத் தமிழில் உச்சரிக்க நேர்ந்ததும் "அந்த வருத்தம்" என்று நாக்கை மடக்கிக்கொள்கின்றனர். பெயர் சொல்லக் கூசும் நோய்க்கு வெட்கப்படவேண்டும் என்று நோயாளி அங்கேயே கற்றுக்கொள்கின்றார்.

ஆகவே நாம் கேட்பது இது. புற்றுநோய்ப் பிரிவுகளிற் பணிபுரியும் வைத்தியர், தாதியர், கதிர்ச்சிகிச்சையாளர் அனைவருக்கும் இப்பயிற்சி கட்டாயமாக்கப்படவேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் நடத்தப்படவேண்டும். மருத்துவ பீடங்களின் இறுதிப் பரீட்சையில் அதற்குப் புள்ளி இருக்கவேண்டும். புள்ளியில்லாத பாடத்தை மாணவர் படியார் என்பதை அறியாதார் இல்லை.

சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தவர்கள் திரட்டிய பொதுமக்கள் பணத்தால் எழுந்தது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடம் அதன் அண்டையில் இருக்கின்றது. அதே பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கின்றனர். இப்பயிற்சிக்கு வேண்டியது நோயாளியாக நடிக்க ஒருவர், கேட்க ஒரு வைத்தியர், பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர், நான்கு கதிரைகள், ஒரு பிற்பகல். மருத்துவ பீடத்தாரும் அரங்கியற்றுறையாரும் ஒரு மேசையில் அமர்ந்தால் அடுத்த மாதமே முதல் வகுப்பை நடத்தலாம்.