செத்தவர்களுக்கும் காகிதம் இருக்கிறது, நமக்கு?



கெப்பாலா பத்தாஸிலிருந்து பேருந்தில் பட்டர்வொர்த் போய் பெர்ரி ஏறினால் பினாங்குத் தீவு. அங்கே பர்மா சாலைப் பக்கம் ஜாலான் சைனால் அபிடின் என்று ஒரு தெரு. அதன் பழைய பெயர் தெரியுமா? ஜாலான் யஹூடி, அதாவது யூதர் சாலை. இன்று அந்தப் பெயர் இல்லை. அந்த மக்களும் இல்லை. ஆனால் அவர்களுடைய இடுகாடு மட்டும் மதில் சுவருக்குள் அப்படியே இருக்கிறது.

யூதர் என்றதும் நமக்கு இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்திகள்தான் நினைவுக்கு வரும். அது வேறு விவகாரம். நான் சொல்வது பினாங்கில் வியாபாரம் செய்து, பிள்ளை பெற்று, இந்த மண்ணிலேயே அடங்கியவர்களைப் பற்றி. 19ஆம் நூற்றாண்டில் பாக்தாத் ஆளுநரின் கொடுமை தாங்காமல் கிளம்பிய யூதர்கள் பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று பரவினார்கள். சில குடும்பங்கள் பினாங்கில் தங்கின. அந்த இடுகாட்டில் மிகப் பழைய கல்லறை 1835ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1929இல் நாகூர் சாலை 28ஆம் எண் கட்டடத்தில் ஒரு தொழுகைக் கூடமும் திறந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பலர் சிங்கப்பூருக்கு ஓடினார்கள். போர் முடிந்த பிறகும் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது அவர்கள் விதி. அந்தப் பத்துப் பேர் கிடைக்காமல் 1976இல் தொழுகைக் கூடம் மூடப்பட்டது. 2011இல் ஒரு முதியவரை அங்கே அடக்கம் செய்தார்கள். மொத்தம் 107 கல்லறைகள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நகரத்தின் நடுவே சுமார் 38,000 சதுர அடி நிலம். கேட்பதற்குச் சமூகமே இல்லை. எப்படித் தப்பியது? 1885லேயே அவர்கள் ஓர் அறங்காவலர் குழுவை அமைத்து, இடுகாட்டை அதன் பொறுப்பில் எழுதி வைத்தார்கள். ஆள் போனாலும் காகிதம் காவல் நிற்கிறது!

நம் கதை என்ன? பினாங்கில் பத்தில் ஒருவர் இந்தியர். ஆள் இருக்கிறோம், காகிதம் இல்லை. குளுகோரில் கம்போங் புவா பாலா என்ற தமிழர் கிராமம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த மக்கள். பழைய தோட்ட முதலாளி குடும்பம் எங்களுக்காக விட்டுச்சென்ற நிலம் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் ஜெயிக்கவில்லை. 2009இல் வீடுகள் இடிக்கப்பட்டன.

தோட்டம் விற்கப்படும்போதும் இதே கதைதான். மாரியம்மன் கோயில் யார் நிலத்தில் இருக்கிறது, சுடுகாடு யார் பெயரில் இருக்கிறது என்று நாம் விழிக்கும்போது மண்வாரி இயந்திரம் வாசலில் நிற்கிறது. "தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம்" என்கிறோம். அதற்குச் சான்று எங்கே?

ஜெர்மனியில் வோர்ம்ஸ் என்று ஒரு ஊர். அங்கே யூதர்கள் 1034லேயே தொழுகைக் கூடம் கட்டினார்கள். 1938 நவம்பரில் நாஜிகள் அதை எரித்தார்கள். மக்களில் பலரைக் கொன்றார்கள். ஆனால் ஆயிரம் ஆண்டு இடுகாடு தப்பியது. ஊரின் பழைய ஏடுகளும் தப்பின. அந்தத் தொழுகைக் கூடத்தைத் திரும்பக் கட்டி 1961இல் திறந்தார்கள். 2021இல் யுனெஸ்கோ அந்த இடங்களை உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. கல்லும் ஏடும் பேசியதால்தான் அந்த வரலாறு மறையவில்லை.

நாம் அழிவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இந்த வாரமே உங்கள் கோயில் நிர்வாகத்திடம் கேளுங்கள்: நிலம் யார் பெயரில்? நிர்வாகம் பதிவு பெற்றதா? நில அலுவலகத்தில் விவரம் எடுத்து ஒரு நகலை வீட்டில் வையுங்கள். தோட்டத்துச் சுடுகாட்டுக் கல்லறைகளைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பாட்டியை உட்கார வைத்து எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒரு சமூகம் அன்று எழுதி வைத்தது. அதனால் 107 பேர் இன்றும் நிம்மதியாக உறங்குகிறார்கள். உயிரோடு இருக்கும் நாம் இன்னும் எழுதவில்லை. எப்போது எழுதப் போகிறோம்?